விழுந்தவள் வைத்த பந்து

"கோச், என் பந்தை மட்டும் ஏன் புடுங்கிடுறாளுக?"

பாண்டிச்செல்வி இப்படிக் கேட்டபோது அரையிறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அணி ஜெயித்துவிட்டது. மற்ற பெண்கள் பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் ஒரு பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி குருவின் முன்னால் வந்து நின்றாள்.

குரு என்றதும் தாடியையும் தடியையும் தேட வேண்டாம். ரோஸ்லினுக்கு இருபத்தைந்து வயதுதான். தூத்துக்குடிக்காரி. கழுத்தில் விசில், தலையில் வெயிலுக்கு ஒரு ஈரத்துண்டு. சிஷ்யை பாண்டிச்செல்விக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. திண்டுக்கல் பக்கம். சிஷ்யை குருவைக் கோச் என்பாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். சாஸ்திரம் இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. அந்த அணியில் யாரும் சாஸ்திரத்தைக் கேட்கவில்லை.

"புடுங்கலைக்கா. நீங்க விடலை. நடுவர் எடுத்துக் குடுத்தார்."

"ரெண்டும் ஒண்ணுதானே கோச்? பந்து போயிருச்சுல்ல?"

ரக்பி தெரியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி. கையால் முன்னே எறியக்கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் தரலாம். பந்தோடு ஓடுகிறவளின் இடுப்பைக் கட்டிக் கீழே சாய்க்க எதிரணிக்கு உரிமை உண்டு. சாய்ந்தவள் உடனே பந்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். அதை இரண்டு அணியிலும் காலூன்றி நிற்கிற யாரும் எடுக்கலாம். வைக்காமல் கட்டிக்கொண்டு கிடந்தால் விசில். பந்து எதிரணிக்குப் போய்விடும்.

பாண்டிச்செல்வி கட்டிக்கொண்டு கிடப்பாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் தொடங்கி அவள் ஆடியதெல்லாம் கபடி. எதிர்க் களத்துக்குள் பாடிக்கொண்டு போவாள். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் மூச்சு இருக்கிற வரை திமிறுவாள். ஒருமுறை மூன்று பேரை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு வந்திருக்கிறாள். பிடிபட்டால் விசில் வரும்வரை விடாதே என்று அந்த உடம்பில் எழுதி வைத்தாயிற்று. ரோஸ்லின் கபடி அணிகளைத் தேடித் தேடி ரக்பிக்குப் பெண்களைச் சேர்த்தபோது, முதலில் கையைத் தூக்கியவள் இவள்தான்.

"விழுந்ததும் விடுங்கக்கா" என்று ரோஸ்லின் சொல்லிப் பார்த்தாள். காதருகே கத்திப் பார்த்தாள். ஒருநாள் பந்து முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தாள். எண்ணெய்ப் பந்தையும் பாண்டிச்செல்வி விடவில்லை. சட்டைதான் நாசமானது.

பந்தைக் கட்டிக்கொண்டு கிடந்தால், நடுவர் தன் நெஞ்சைத் தானே அணைத்துக்கொள்வதுபோல் சைகை காட்டுவார். அணியில் பாண்டிச்செல்விக்கு வணக்கம் சொல்வதே இப்போது அந்தச் சைகையில்தான். அவளும் சிரித்துக்கொள்வாள். இன்று காலை சிரிக்கவில்லை. அரையிறுதியில் மட்டும் மூன்று தடவை அந்தச் சைகை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாமயா இருக்கு கோச்? விடணும்னு தெரியும். ஓடுறப்ப தெரியும். விழுற வரைக்கும் தெரியும். விழுந்ததும் மறந்துடுது."

"யாருக்கு மறக்குது?"

"இந்தக் கைக்கு."

அப்போதுதான் தில்ஷாத் வந்தாள். அணித் தலைவி. விழுந்த பந்தை எடுத்து அடுத்தவளுக்குச் சட்டென்று தருவது அவள் வேலை. ஆள் ஒல்லி, பேச்சு மட்டும் நேருக்கு நேர்.

"கோச், ஒண்ணு சொல்லணும். செல்விக்கா இருக்கும்போதே சொல்லிடுறேன். ஃபைனல்ல அவங்களை உட்கார வச்சிருங்க."

பாண்டிச்செல்வியின் கையிலிருந்த பூட்ஸ் கீழே விழுந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க ஓடுறதைப் பாத்தா எனக்குப் புல்லரிக்கும். நீங்க விழுறதுதான் பயமா இருக்கு."

தில்ஷாத் சொன்னது உண்மையாயிற்றே. கபடியில் பாண்டிச்செல்வியின் அணி இரண்டு முறை இறுதிப் போட்டிக்குப் போனது. இரண்டு முறையும் முழங்கால் காலை வாரிவிட்டது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினாள். ஒரு இறுதிப் போட்டியில் கோட்டுக்கு உள்ளே நின்றதே இல்லை. அரையிறுதியில் ஜெயித்தால் இன்று சாயங்காலம் நின்றுவிடலாம் என்று நேற்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, தன் கைமீதே.

ரோஸ்லின் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினாள். மைதானத்து ஓரம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த மண்தரைக்குப் போனாள். குதிகாலால் இழுத்து நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"எனக்குக் கபடி சொல்லிக்குடுங்கக்கா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"ஃபைனலை வச்சுக்கிட்டு என்ன கோச் விளையாட்டு?"

"எல்லாரும் அந்தப் பக்கம் நில்லுங்க. நான் பாடிட்டு வாறேன்."

சாப்பாட்டுப் பொட்டலங்கள் பாதி பிரித்தபடி கிடந்தன. கோச்சைப் பிடித்து அமுக்கலாம் என்றால் யாருக்குத்தான் பசிக்கும்? ஆறு பெண்களும் துள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். ரோஸ்லின் "கபடி கபடி கபடி" என்று உள்ளே நுழைந்தாள். பாட்டு சரியில்லை, ஜெபம் சொல்வதுபோல் இருந்தது. தில்ஷாத் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் முதுகில் ஏறினார்கள். ரோஸ்லின் விழுந்ததும் இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கிச் சுருண்டுகொண்டாள். பாட்டு நின்றது.

"அவுட்டு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

கோட்டருகே நின்ற பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. சங்கீதம் தெரிந்தவர் அபஸ்வரம் கேட்டதுபோல் முகம் போயிற்று.

"அட, என்ன கோச்! பிடிச்சதும் அட்டை மாதிரி சுருண்டுட்டீங்க? சுருண்டா செத்தீங்க!"

"வேற என்ன செய்ய?"

"உடம்பை அவளுககிட்ட விடுங்க! காலா, இடுப்பா, கட்டிக்கட்டும், கட்டி அழட்டும். உங்களுக்குக் கை மட்டும்தான். நம்ம கோடு எங்கிட்டு இருக்கு? அங்கிட்டுத் திரும்பி விழணும். விழுந்தப்புறம் இல்லை, விழுறப்பவே திரும்பணும். திரும்பி நீட்டணும். ஒரு விரல் கோட்டுல பட்டாப் போதும், உங்களைத் தொட்ட அம்புட்டுப் பேரும் அவுட்டு!"

"காட்டுங்க."

பாண்டிச்செல்வி காட்டினாள். அடடா, அதைப் பார்த்திருக்க வேண்டும்! மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு உள்ளே போனாள். ஆறு பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். இடுப்பைக் கொடுத்தாள், காலைக் கொடுத்தாள். விழுகிற நேரத்திலேயே உடம்பு முழுக்கத் தன் பக்கம் திரும்பியது. வலது கை நீண்டது, இன்னும் நீண்டது, அவள் தோளில் இத்தனை நீளம் எங்கே மடித்து வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. விரல் நுனி கோட்டைத் தொட்டது. அவள்மேல் கிடந்த பெண்களே கைதட்டினார்கள்.

எழுந்து மண்ணைத் தட்டியவளின் அதே வலது கையில் ரோஸ்லின் பந்தை வைத்தாள்.

"மறுபடி."

பாண்டிச்செல்வி பந்தைப் பார்த்தாள். குருவைப் பார்த்தாள். உள்ளே போனாள். பிடித்தார்கள். திரும்பினாள், விழுந்தாள், நீட்டினாள். பந்து கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. கோட்டைத் தொட்டால் வேலை முடிந்தது என்று அந்தக் கைக்கு இருபது வருஷப் பழக்கம். பந்தை அங்கேயே விட்டுவிட்டுக் கை மல்லாந்து படுத்துக்கொண்டது.

"கோச்! கை விட்டுருச்சு கோச்! தானா விட்டுருச்சு!"

குப்புறக் கிடந்தபடியே அவள் சிரித்த சிரிப்பில் தொட்டியடிக் காகங்கள் பறந்தன. இன்னொரு தடவை செய்தாள். இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் பந்து கோட்டில் போய் உட்கார்ந்தது.

பிறகு திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆனா கோச், இங்க கோடு இருக்கு. அங்க, ஆட்டத்துல, என் பின்னாடி கோடு எங்க இருக்கு?"

ரோஸ்லின் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சாப்பிடுங்கக்கா. ஃபைனல் இருக்கு."

"நான் ஆடுறேனா?"

"ஆடாம எப்படித் தேடுவீங்க?"

பாண்டிச்செல்வி அந்தப் பொட்டலத்தையும் தன் பொட்டலத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டாள். தில்ஷாத்தின் முகம் மட்டும் தெளியவில்லை. தலைவி கேட்டது நடக்கவில்லை அல்லவா?

சாயங்காலம் இறுதிப் போட்டி. எதிரே நீலச் சட்டைப் பெண்கள், ஒவ்வொருத்தியும் ஓங்குதாங்காக. பார்க்க வந்த கூட்டம் கயிற்றுக்கு வெளியே நெருக்கியடித்து நின்றது. பாண்டிச்செல்வி உள்ளே கால் வைக்கும்போது புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தொடங்கியதுமே இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தடவை கோட்டைத் தாண்டிவிட்டார்கள். நீலச்சட்டை மட்டும் அதற்கப்புறம் கோட்டில் நட்ட கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து இரண்டு புள்ளி கூடுதலாக வாங்கிக்கொண்டது. ஆட்டம் சூடுபிடித்தது. அப்போது பந்து பாண்டிச்செல்வியிடம் வந்தது.

ஓடினாள். ஒருத்தியை இடது கையால் தள்ளினாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள், மூன்றாமவள் காலில். இதோ விழுகிறாள். விழும்போதே திரும்பினாள்! கையை நீட்டினாள்! பந்தை அழகாகப் பின்னால் வைத்தாள், கையை எடுத்தாள்! கயிற்றோரம் ரோஸ்லின் துள்ளிக் குதித்தாள்.

பந்து புல்லில் தனியாகக் கிடந்தது.

யாரும் வரவில்லை. ஒரு நீலச்சட்டை நிதானமாக வந்தாள். கொடியிலிருந்து விழுந்த துணியை எடுப்பதுபோல் குனிந்து எடுத்தாள். ஓடினாள். எதிர்பாராமல் நின்ற நம் பெண்கள் திரும்புவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள். அதற்கப்புறம் உதைத்த உதை மட்டும் கம்பங்களுக்கு வெளியே போயிற்று.

பாண்டிச்செல்வி தரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். தில்ஷாத்தும் மற்றவர்களும் ரொம்பத் தூரம் பின்னால் வரிசையாக நின்றார்கள். விசிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இடைவேளையில் அவள் வெடித்தாள்.

"விட்டேன்ல! சொன்னபடி விட்டேன்ல! ஒருத்தியாச்சும் வந்தீங்களாடி?"

யாரும் நிமிரவில்லை. தில்ஷாத்தான் பேசினாள்.

"நீங்க குடுப்பீங்கன்னு நினைக்கலைக்கா."

"என்னது?"

"இத்தனை மாசமா ஒரு தடவைகூட குடுத்ததில்லைக்கா. நீங்க விழுந்தா விசில்தான். பந்து அவங்களுக்குத்தான். அதனால நீங்க விழப்போறப்பவே நாங்க பின்னாடி போய், தடுக்கத் தயாரா நின்னுக்குவோம். பழகிப்போச்சுக்கா. மத்தியானம் நீங்க வச்சதைப் பாத்தேன். அது கபடின்னு நினைச்சேன். தப்புதான்."

கபடியில் உள்ளே போனவள் தனி. அவளை மீட்க ஒருத்தியும் கோட்டைத் தாண்டி வர முடியாது. இங்கேயும் அப்படித்தான் என்று இத்தனை நாளும் பாண்டிச்செல்வி இருந்துவிட்டாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கோபம் எங்கேயோ போய், கழுத்துவரை வெட்கம் ஏறியது.

"கோடு இல்லை கோச்" என்றாள் மெதுவாக. "தேடினேன். இல்லை."

"கபடிக் கோடு போட்ட இடத்துல கிடக்கும்க்கா" என்றாள் ரோஸ்லின். அவள் கண் தில்ஷாத்தின் பூட்ஸில் இருந்தது. "இங்க உள்ள கோட்டுக்குக் கால் இருக்கு."

பாண்டிச்செல்வியும் அந்தப் பூட்ஸைப் பார்த்தாள்.

"சரி கோச். மறுபடி வைக்கிறேன். மறுபடியும் யாரும் வரலைன்னா?"

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

தில்ஷாத் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் பாதி! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நம் பெண்கள் பேய் பிடித்த மாதிரி ஆடினார்கள். ஓரத்தில் ஓடுகிற பெண் ஒருத்தி நைசாகப் புகுந்து போய் இன்னொரு முறை கோட்டைத் தாண்டினாள். இன்னும் இரண்டே புள்ளி பின்னால். ஒருமுறை தாண்டினால் கோப்பை. நீலச்சட்டைகள் பந்தை எங்கேயோ உதைத்து நேரத்தைக் கரைத்தார்கள்.

மணி அடித்தது. நேரம் முடிந்தது.

ஆனால் ரக்பியில் மணி அடித்ததும் ஆட்டம் முடிவதில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் உண்டு. பந்து நம்மிடம் இருந்தது. தொலைத்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்தது.

பந்து பாண்டிச்செல்வியிடம் வந்தது.

கயிற்றுக்கு வெளியே யாரோ "ஐயையோ" என்றார்கள். அவள் காதில் அது விழுந்தது. ஓடினாள். முதல் நீலச்சட்டையை முட்டி ஒதுக்கினாள். இரண்டாமவள் தொடையைக் கட்டினாள், மூன்றாமவள் தோளைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் மடிந்தது. கட்டிக்கொள், கட்டிக்கொள் என்று பழைய உடம்பு கூப்பாடு போட்டது. இவள் கடைசியாகப் பந்தை வைத்தபோது யாரும் வரவில்லை. இந்தத் தடவையும் வரவில்லை என்றால் இறுதிப் போட்டி தோற்றது இந்தக் கையால்தான் என்று ஊர் பேசும். அவளே பேசுவாள்.

திரும்பி விழுந்தாள். கன்னம் புல்லில் அழுந்தியது. புல்லும் ஒரு நீல பூட்ஸும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினாள். பந்தைத் தரையில் வைத்தாள்.

கையை எடுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. நீல பூட்ஸ் பந்தை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தது.

அப்போது அவள் காதை ஒட்டி ஒரு கால் தரையில் குத்தி நின்றது. "அக்கா, இருக்கேன்!"

தில்ஷாத்! அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. வந்த வேகத்தில் நீல பூட்ஸை அப்படியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பந்து தில்ஷாத்தின் கைக்குப் போயிற்று, அங்கிருந்து அடுத்தவளுக்கு, அங்கிருந்து ஓரத்தில் ஓடுகிறவளுக்கு. பாண்டிச்செல்வி ஒன்றையும் பார்க்கவில்லை. மேலே ஒருத்தி படுத்திருந்தாள். கூட்டம் போட்ட சத்தத்திலிருந்துதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மேலே படுத்திருந்த நீலச்சட்டை, பாவம், அழ ஆரம்பித்தாள்.

ஜெயித்தபிறகு நடப்பதெல்லாம் நடந்தது. கத்தினார்கள், உருண்டார்கள், கோட்டைத் தாண்டிய பெண்ணைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள், ஒருமுறை பிடிக்கத் தவறினார்கள். தில்ஷாத் பாண்டிச்செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். பாதி மூக்கால் வந்ததால் ஒன்றும் புரியவில்லை. பாண்டிச்செல்வி அவள் தலையை அழுத்தித் தடவிக்கொடுத்தாள்.

வெகுநேரம் கழித்து, வாயில் ஒட்டியிருந்த புல்லைத் துப்பிக்கொண்டே குருவிடம் வந்தாள்.

"கோச், உங்ககிட்ட ஒரு சண்டை இருக்கு."

"சொல்லுங்கக்கா."

"இடைவேளையில ஒண்ணு கேட்டேன். மறுபடியும் யாரும் வரலைன்னா என்ன பண்றதுன்னு."

"கேட்டீங்க."

"வருவாளுகன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தீங்க, நான் பாத்தேன். அப்புறம் தண்ணியை ஊத்திக்கிட்டீங்க. 'வருவாங்க, தைரியமா வைங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கையை எடுத்தப்புறம் உசுரு போயிட்டு வந்துச்சு கோச்."

தூரத்தில் தில்ஷாத் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் அவளைப் பார்த்தபடியே சொன்னாள்:

"சொல்லியிருந்தா என்னை நம்பி வச்சிருப்பீங்கக்கா. எடுக்க ஓடி வர்றது நான் இல்லையே."